எழுத்துக்கூலி கைக்கு வர: சினிமா, சீரியலுக்கு எழுத வருபவர்களுக்கு

தமிழ் சினிமாவில் எழுத்தாளருக்குப் பணம் வராமல் போக வில்லன் யாரும் தேவையில்லை. தயாரிப்பாளர் நல்ல மனிதராகவே இருப்பார். இயக்குநர் தோளில் கைபோட்டுத்தான் பேசுவார். ஆனால் ஃபைனான்ஸ் இழுக்கும், ஷெட்யூல் தள்ளிப்போகும், கையில் இருக்கிற காசை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். லைட்மேனுக்குக் கொடுக்காவிட்டால் நாளைக் காலை விளக்கு எரியாது. கேட்டரிங்காரருக்குக் கொடுக்காவிட்டால் யூனிட் சாப்பிடாது. எழுத்தாளருக்கு? அவர் பக்கங்கள்தான் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கின்றனவே. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்பது அப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் கட்டம் வரை பிடி நம் கையில் இருக்கிறது, எங்கே நழுவுகிறது என்பதைத்தான். வசனம் நன்றாக எழுதுவது தனிக் கதை. கீழே சொல்வது கதை, திரைக்கதை, வசனம் எழுத வருபவர்களுக்கு. பாடலாசிரியர்களுக்குச் சில இடங்கள் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

கதை சொல்லப் போகும் முன்

ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கரு, கருப்பொருள், வரலாற்றுச் சம்பவம் இவை யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்கள் எந்தக் கதாபாத்திரங்கள், எந்தச் சம்பவங்கள், எந்த வரிசையில் எழுத்தாக்கினீர்களோ அதற்குத்தான் பாதுகாப்பு. தலைப்புக்கும் காப்புரிமை இல்லை. அதை 2015இல் உச்ச நீதிமன்றம் தனியாகவே சொன்னது.

இதன் பொருள் நடைமுறையில் என்ன? 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்தை ஒட்டி நடந்ததைப் பாருங்கள். 'செங்கோல்' என்ற தலைப்பில் 2007இலேயே எழுத்தாளர் சங்கத்தில் கதை பதிந்து வைத்திருந்த ஓர் உதவி இயக்குநர், இரண்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று புகார் கொடுத்தார். கள்ள ஓட்டு என்ற கருதான் பொது, மற்றதெல்லாம் வேறு என்றது படத்தரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், படம் வெளியாகும் முன் சமரசத்தில் முடிந்தது. அவருக்குப் படத்தில் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள். எந்தத் தரப்பு சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியிட்ட ஒரு காகிதம் கையில் இல்லாமலிருந்தால் அவர் புகாரை யாரும் எடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனவே ஒன்லைனை, அதாவது கதையின் ஓரிரு வரிச் சுருக்கத்தை, மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனிப் படியேறாதீர்கள். குறைந்தது பதினைந்து இருபது பக்கத்துக்குக் காட்சி வரிசையோடு கதையை எழுதுங்கள். கதாபாத்திரப் பெயர்கள், அவர்களுக்குள் உள்ள உறவு, இடைவேளைத் திருப்பம், கிளைமாக்ஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதியது எவ்வளவு விரிவோ, பாதுகாப்பும் அவ்வளவு விரிவு.

அதன் பிறகு பதிவு. இரண்டு வழி இருக்கிறது, முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

ஒன்று, சங்கம். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதியலாம். மும்பையில் உள்ள ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம்; இந்தி கம்பெனிகளுக்கும் தேசிய அளவிலான ஓடிடி தளங்களுக்கும் எழுதும் எண்ணம் இருந்தால் அது உதவும். சங்கப் பதிவில் உள்ள வசதி, தகராறு வந்தால் சங்கமே இரண்டு ஸ்கிரிப்டையும் வாங்கிப் படித்துப் பார்த்து ஒரு கருத்துச் சொல்லும். வழக்குக்குப் போகும் முன் அந்தக் கருத்துக்கு நல்ல எடை உண்டு.

இரண்டு, டெல்லியில் உள்ள மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் டைரி எண் வந்துவிடும். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பார்கள், அதன் பிறகு பரிசீலித்துச் சான்றிதழ் வர மேலும் காலம் எடுக்கும். பதியாவிட்டாலும் எழுதிய கணத்திலிருந்தே உரிமை உங்களுடையதுதான், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். எதிர்த்தரப்புதான் அது தவறு என்று காட்ட வேண்டும். 500 ரூபாய்க்கு இது மலிவு.

தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

திரைக்கதையைப் பெரிய அளவில் மாற்றினால் புதிய வடிவத்தையும் பதியுங்கள். ஒவ்வொரு வடிவத்தின் கோப்புப் பெயரிலும் தேதி இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று வைத்தால் மூன்று வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது.

நரேஷன் முடிந்த அன்று மாலை

கதை சொல்லிவிட்டு வந்ததும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம், சாதாரண மரியாதைச் செய்திதான்:

'சார், வணக்கம். இன்று மதியம் வளசரவாக்கம் ஆபீஸில் என்னுடைய "இரண்டாம் சாமம்" கதையைக் கேட்டதற்கு மிக்க நன்றி. மேனேஜர் அண்ணனும் கூட இருந்தார். இருபது பக்கக் கதைச் சுருக்கத்தை இத்துடன் பிடிஎஃப்பாக இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.'

யார், எங்கே, என்றைக்கு, எந்தக் கதை, யார் கூட இருந்தார்கள் என்ற ஐந்தும் அதில் வந்துவிட்டன. 'சூப்பர் தம்பி, பேசுவோம்' என்று பதில் வந்தால் அதுவே சான்று. மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலும் அனுப்புங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: நீதிமன்றத்தில் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் போதாது, மின்னணு ஆவணத்துக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டப்படி தனிச் சான்றிதழ் தர வேண்டும். அதனால் உரையாடலை அழிக்காதீர்கள், போன் மாற்றும்போது பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

முழு பவுண்ட் ஸ்கிரிப்டை, அதாவது எல்லாக் காட்சியும் வசனமும் எழுதி முடித்துக் கட்டிய பிரதியை, விட்டுவிட்டு வரச் சொன்னால் மறுக்கலாம். 'கதைச் சுருக்கம் தருகிறேன் சார், முழு ஸ்கிரிப்ட் அக்ரிமென்ட் சமயத்தில்' என்று சொல்வதில் தப்பே இல்லை. கேட்கிறவர் முகம் சுளித்தால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

பெரிய நிறுவனங்களும் ஓடிடி தளங்களும் கதையைக் கேட்கும் முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். 'எங்களிடம் இதே போன்ற கதை ஏற்கெனவே இருக்கலாம், அதனால் பின்னால் உரிமை கோர மாட்டேன்' என்கிற மாதிரி அதில் இருக்கும். பாதி நியாயம், அவர்களிடம் நிஜமாகவே நூற்றுக்கணக்கான கதைகள் குவியும். ஆனால் எந்த நிலையிலும் வழக்குப் போட மாட்டேன் என்ற அளவுக்கு எழுதியிருந்தால் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால், பதிவு முடிந்த கதையை மட்டும் அங்கே சொல்லுங்கள்.

டிஸ்கஷனில் உட்கார்வது வேலைதான்

நம் ஊரில் எழுத்தாளர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், ஒப்பந்தமெல்லாம் இதற்கப்புறம்தான். 'வாங்க, ரெண்டு நாள் உட்காருவோம்' என்று ஆரம்பிக்கும். இரண்டு நாள் இரண்டு மாதமாகும். காலை பத்து மணிக்குப் போனால் டீ, மதியம் பிரியாணி, இரவு ஒன்பது மணிக்கு வீடு. நீங்கள் வாயால் சொன்ன சீன்கள் இன்னொருவர் லேப்டாப்பில் ஏறியிருக்கும். நான் மேலே சொன்ன சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள்: வாயால் சொன்ன யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை, எழுத்துக்குத்தான். ஆக, டிஸ்கஷனில் சொன்னதற்குப் பிற்பாடு நீங்கள் உரிமை கேட்க வழி அநேகமாக இல்லை. அன்றன்றைக்கு உரிய கூலியை வாங்குவதுதான் ஒரே வழி.

என் யோசனை இது. முதல் ஒன்றிரண்டு சந்திப்பு இலவசம், அது ஒருவரையொருவர் புரிந்துகொள்ள. மூன்றாவது முறை கூப்பிடும்போது, போகும் முன்பே, மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்: 'அண்ணே, டிஸ்கஷனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? வாராவாரம் தருவீங்களா?' இயக்குநரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். மேனேஜரிடம் கேட்கலாம், அவர் தினமும் இதே கேள்வியைப் பலரிடமிருந்து கேட்கிறவர். பேட்டா என்பது போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும். அது சம்பளம் ஆகாது. இரண்டையும் கலக்க விடாதீர்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு நீங்கள் சொன்னதை ஒரு பக்கத்துக்கு எழுதி, 'இன்று பேசியதன் சுருக்கம்' என்று இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உதவி மாதிரி தெரியும், உதவியும்தான். கூடவே, பேச்சு எழுத்தாகிவிட்டது, தேதியும் விழுந்துவிட்டது.

மாதச் சம்பளத்துக்குச் சேர்வதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்து சேருங்கள். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நிறுவனம்தான்; காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஜெமினி, ஏவிஎம் காலத்தில் 'கதை இலாகா' என்று ஒரு துறையே இருந்தது, எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்தில் அங்கே உட்கார்ந்து எழுதினார்கள். கதை கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் கைக்கு வந்தது. இன்றைக்குப் பல இடங்களில் கதையும் கம்பெனிக்கு, சம்பளமும் இல்லை. இலாகாவை ஒழித்துவிட்டு அதன் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒப்பந்தம்: எந்த வரியில் கண் வைக்க வேண்டும்

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பதினைந்து பக்கத்துக்கு, 'உடனே கையெழுத்துப் போட்டுடுங்க, அட்வான்ஸ் செக் ரெடி' என்ற வார்த்தையோடு வரும். 'ஒரு நாள் டைம் கொடுங்க சார், படிச்சுட்டு வர்றேன்' என்று எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு நாளில் அட்வான்ஸ் ஓடிப்போய்விடாது. தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆளில்லை என்றால் சங்கத்தில் கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எதை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பது. உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை வருடம், எந்தெந்தப் பிரதேசம், எவ்வளவு பணம் என்று அதில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். இது தெரிந்துதான் கம்பெனி வக்கீல்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்று எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் வேலை அதைச் சுருக்குவது. ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: '24 மாதத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பும், அதுவரை பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.' பீரோவில் தூங்கும் நல்ல கதைகள் பல இந்த ஒரு வரி இல்லாததால்தான் தூங்குகின்றன.

நாவலாசிரியர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'தமிழில் ஒரு திரைப்படம்' என்பதற்கு மட்டும் கொடுங்கள். பிறமொழி ரீமேக், வெப் சீரிஸ், இரண்டாம் பாகம், அதே கதாபாத்திரங்களை வைத்து வேறு கதை எல்லாம் தனித்தனி உரிமை, தனித்தனி பணம். புத்தக உரிமை உங்களிடமே இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ராயல்டி. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காகப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். அதன்படி, படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்பின் ஆசிரியர், தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தரலாம், தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. பாடலாசிரியர்களுக்கு இந்தப் பணம் ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தின் வழியாக வருகிறது. பாட்டு எழுதுபவர் முதல் படம் வெளியானதுமே அதில் உறுப்பினராகிவிட வேண்டும். திரைக்கதைக்கும் வசனத்துக்கும் இது பொருந்தும் என்பது எழுத்தாளர் அமைப்புகளின் வாதம். பணமாகக் கைக்கு வருவது இன்னும் பாட்டுக்காரர்களுக்குத்தான். இருந்தாலும், 'ராயல்டி அனைத்தையும் துறக்கிறேன்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டோம் என்றால், 'சட்டப்படி எழுத்தாளருக்குரிய ராயல்டி உரிமைக்கு உட்பட்டு' என்ற சொற்களையாவது சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு வழி திறந்தால் உங்கள் கதவு பூட்டியிருக்கக் கூடாது.

நஷ்ட ஈட்டுப் பத்தியை யாரும் படிப்பதில்லை, படியுங்கள். 'கதை தொடர்பாக யார் வழக்குப் போட்டாலும் முழுச் செலவும் எழுத்தாளர் பொறுப்பு' என்றிருக்கும். கதை உங்கள் சொந்தச் சரக்கு என்று உறுதி கொடுப்பது நியாயம்தான். ஆனால் இயக்குநர் செட்டில் சேர்த்த காட்சிக்கு ஒரு சாதிச் சங்கம் வழக்குப் போட்டால் அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? 'எழுத்தாளர் தாமே எழுதித் தந்த பகுதிக்கு மட்டும், அவர் பெற்ற தொகைக்கு மிகாமல்' என்று கட்டுப்படுத்துங்கள்.

எத்தனை முறை திருத்தி எழுதுவது என்றும் போடுங்கள். முதல் வடிவம், இரண்டு திருத்தம், ஒரு மெருகு; அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. இது இல்லாவிட்டால் ஹீரோ மாறும்போதெல்லாம் கதையை முதலிலிருந்து எழுதுவீர்கள், அதே பணத்துக்கு.

பணத்தை எந்தப் படியில் வாங்குவது

தொகையை விட அட்டவணைதான் முக்கியம் என்று நான் சொல்வேன். வசனத்துக்கு 4 லட்சம் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அட்வான்ஸ் 25,000, மீதி ஃபர்ஸ்ட் காப்பியில்' என்று எழுதினால் உங்கள் 4 லட்சம் 25,000தான். படம் ஃபர்ஸ்ட் காப்பிக்கு, அதாவது எல்லா வேலையும் முடிந்த முதல் பிரதிக்கு, வருமா என்பது யாருக்கும் தெரியாது. 'ரிலீஸ் சமயத்தில்' என்றால் இன்னும் மோசம். அந்த வாரம் ஃபைனான்சியர், லேப், விநியோகஸ்தர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், உங்கள் இடம் கடைசி.

இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: கையெழுத்தில் 1 லட்சம். முதல் வடிவம் கொடுக்கும்போது 1 லட்சம். இறுதி வடிவம் கொடுக்கும்போது 1.5 லட்சம். டப்பிங் தொடங்கும் முன் 50,000. கடைசிப் பகுதியை மட்டும் ஏன் டப்பிங்கில் வைக்கச் சொல்கிறேன் என்றால், டப்பிங் தியேட்டரில் வசனம் மாற்ற உங்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். உதட்டசைவுக்கு ஏற்ப ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க, சென்சார் சொன்ன வெட்டை மூட. அந்த நாளில் உங்கள் கையில் பிடி மறுபடி வருகிறது. கதையும் திரைக்கதையும் மட்டும் எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் படப்பிடிப்பின் முதல் நாளுக்குள் முழுத் தொகையையும் வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்பது கடன் வசூல்தான்.

எதற்கும் 'ஏற்றுக்கொண்ட பிறகு' என்று எழுத விடாதீர்கள், 'ஒப்படைத்த 7 நாளுக்குள்' என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வது அவர்கள் மனநிலை, ஒப்படைப்பது மின்னஞ்சல் தேதி.

காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வேண்டும். ரொக்கம் வாங்கினால் உங்களுக்கும் ஆவணம் இல்லை. தொழில்முறைக் கட்டணம் என்பதால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. பிடித்த பணம் உங்கள் பேரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், டிடிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் கம்பெனிகளும் உண்டு. கதை, திரைக்கதை, வசன ஆசிரியர்கள் வருமான வரி விதிகளில் திரைக்கலைஞர் பட்டியலில் வருவதால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி எளிய முறையில் கணக்குத் தாக்கல் செய்யும் வசதி இருக்கிறது. சிறிய வருமானக்காரர்களுக்குப் பிடித்த டிடிஎஸ் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்தக் கவலை வரும்போது வரட்டும்.

டைட்டில் கார்டு

'நன்றி' வரிசையில் நாற்பது பேரோடு உங்கள் பெயர் ஓடினால் அடுத்த கம்பெனியில் அதற்கு மதிப்பில்லை. 'கதை விவாதம்', 'வசன உதவி', 'கூடுதல் திரைக்கதை' எல்லாம் வெவ்வேறு எடை. எந்தச் சொல்லில், தனி அட்டையிலா பகிர்ந்தா, ஆரம்பத்திலா முடிவிலா, போஸ்டரிலும் ஓடிடி விவரப் பக்கத்திலும் உண்டா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமையையும், உங்கள் நற்பெயரைக் கெடுக்கும் வகையில் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் அட்டை விவரம் இருந்தால் வாதமே தேவைப்படாது.

பெயரே இல்லாமல் எழுதிக் கொடுப்பதைப் பற்றி நான் உபதேசம் செய்ய மாட்டேன். வீட்டு வாடகை கட்ட அதைச் செய்யாதவர்கள் குறைவு. செய்தால், பெயருக்குப் பதிலாகக் கூடுதல் தொகை, அதுவும் முழுக்க முன்கூட்டி.

சீரியல், வெப் சீரிஸ்

சீரியலில் எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பணம் ஒளிபரப்பான எபிசோடுக்கா, எழுதிக் கொடுத்த எபிசோடுக்கா என்று கேட்டுவிடுங்கள். எழுதி, ஷூட் செய்து, சேனல் தூக்கிப் போட்ட காட்சிக்கும் உங்கள் இரவு செலவாகியிருக்கிறது. கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் அங்கே பெரும்பாலும் மூன்று பேர். நடுவில் ஒருவர் விலகினால் அவர் வேலை உங்கள் தலையில் விழும், அதற்கான பணம் விழாது. விலக்குவதற்கு முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பதும் தேவை.

ஓடிடி தொடரில் ஒப்பந்தம் நேர்த்தியாக இருக்கும், பணம் நேரத்துக்கு வரும், உரிமை முழுசாகப் போய்விடும். இரண்டாம் சீசன் வந்தால் முதலில் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் எழுதாவிட்டாலும் உருவாக்கியவர் என்ற முறையில் ஒரு தொகை வேண்டும் என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது சேர்க்க வேண்டிய புதிய பத்தி, செயற்கை நுண்ணறிவு பற்றியது. அமெரிக்காவில் திரை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரம் எழுதியதை எழுத்தாளர் படைப்பாகக் கணக்கிடக் கூடாது, அப்படிப்பட்ட பிரதியை எழுத்தாளர் கையில் கொடுத்தால் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று வாங்கினார்கள். அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டாகப் பேசி வைத்திருக்கிறார்கள், டைட்டில் தகராறைச் சங்கமே தீர்க்கிறது. இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசுகிறோம், அதிலும் ஒருவருக்கொருவர் தொகையைச் சொல்லாமல். நமக்கு அந்தப் பலம் வரும்வரை ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'எழுத்தாளரின் பிரதியை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தவோ, அதைக் கொண்டு எழுத்தாளரின் பங்கைக் குறைக்கவோ கூடாது.' சிரிப்பார்கள். சிலர் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள்.

மரியாதை

இரவு பதினொரு மணிக்கு ஹோட்டல் அறைக்குக் கதை சொல்ல வரச் சொன்னால், 'நாளைக் காலை ஆபீஸில் சொல்கிறேன் சார்' என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, பெண்களுக்குக் கூடுதலாகச் சட்டமும் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். கம்பெனியில் அது இல்லாவிட்டால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். மாதச் சம்பளம் இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதுகிறவரும் இதில் அடங்குவார்.

பணம் வரவில்லை, அல்லது கதை போய்விட்டது என்றால்

முதலில் எழுத்தில் நினைவூட்டல்: தொகை, தேதி, எந்தப் படிக்கு என்ற மூன்றும். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, 'இந்தத் தேதிக்குள் வராவிட்டால் சங்கத்தில் புகார் செய்ய வேண்டியிருக்கும்' என்ற வரியோடு. அப்புறம் சங்கம். பெரும்பாலான பாக்கிகள் இங்கேயே பேசி முடியும், ஏனென்றால் ரிலீஸ் நேரத்தில் சங்கத்துப் புகாரோடு நிற்க எந்தத் தயாரிப்பாளருக்கும் பிடிக்காது. காசோலை திரும்பி வந்தால் காலம் ஓடுகிறது. வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும்.

கதைத் திருட்டு என்று சந்தேகம் வந்தால் முகநூலில் கொட்டும் முன் இரண்டு பத்தி போட்டு ஒப்பிட்டு எழுதுங்கள்: இடது பக்கம் உங்கள் காட்சி, வலது பக்கம் அவர்கள் காட்சி. கரு மட்டும்தான் ஒன்று என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். சம்பவ வரிசையும் பாத்திரங்களும் ஒத்துப்போனால் சங்கத்துக்கும் வழக்கறிஞருக்கும் அதே தாளைக் கொடுங்கள். டீசரிலேயே தெரிந்தால் டீசர் வந்த வாரமே நகருங்கள். ரிலீஸுக்கு ஓரிரு நாள் முன் தடை கேட்டு ஓடுவதை நீதிமன்றங்கள் ரசிப்பதில்லை; 2017இல் மும்பை உயர் நீதிமன்றம் அப்படி வந்த மனுவைக் கடுமையாகக் கண்டித்தே தள்ளியது.

வழக்கை எங்கே போடுவது என்ற பயம் வெளியூர்க்காரர்களுக்கு இருக்கும். காப்புரிமை மீறல் வழக்கை நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே தொடுக்க 62ஆவது பிரிவு இடம் தருகிறது. மதுரையில் இருப்பவர் மதுரையிலேயே ஆரம்பிக்கலாம். பாக்கிப் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை, ஒப்பந்தத்தில் 'சென்னை நீதிமன்றம்' என்றோ 'மும்பையில் நடுவர்' என்றோ போட்டிருப்பார்கள், அந்த வரியையும் கையெழுத்துக்கு முன் பாருங்கள். இரண்டுக்குமே பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள், இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். விண்ணப்பத்தோடு ஒப்பந்தம், பதிவுச் சான்று, மின்னஞ்சல் நகல்கள், வங்கிக் கணக்கு அறிக்கை நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.